எல்லாம் தெரிந்தும் கை கேட்பதில்லை: பங்குச் சந்தையில் தன்னையே கெடுத்துக்கொள்ளும் ஒரு தம்பிக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது நுவரெலியாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2024 தொடக்கத்திலிருந்து கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கி விற்கிறார். ஆறு இலட்சம் ரூபாவோடு தொடங்கினார். கையில் இருப்பதை எல்லாம் இன்று விற்றால் 410,000 வருமாம்.

"இலாபம் வந்தால் இரண்டு மூன்று ரூபாவிலேயே விற்றுவிடுகிறேன். நட்டம் வந்தால் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நட்டப்பட்ட அன்றைக்கே அதை மீட்க வேண்டும் என்று இரண்டு மடங்கு வாங்குகிறேன். விதிகள் எல்லாம் தெரியும், கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு நானே குழி தோண்டுகிறேன். கட்டுப்பாடு எப்படி வரும்? இல்லை, இதை விட்டுவிடவா?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இதில் நாலு இலட்சம் அம்மாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு. பேங்கில் நிலையான வைப்பில் இருக்கிறது என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்."

தம்பி, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

கண்டியில் ஒரு தரகு நிறுவனத்தில் நீண்ட காலம் முதலீட்டு ஆலோசகராக இருந்தேன். ஹட்டன், மஸ்கெலியா, பதுளை, பண்டாரவளைப் பக்கமிருந்து வந்த நம் ஆட்கள் பலரின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் போலவே "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொன்னவர்கள் வேறு எதிலும் கட்டுப்பாடு இல்லாதவர்கள் அல்ல. விடியற்காலை பஸ் பிடித்துப் படித்தவர்கள், கடன் வாங்கினால் சொன்ன திகதிக்குக் கட்டுகிறவர்கள், சீட்டுக் காசை ஒரு மாதம் கூடத் தவறவிடாதவர்கள். லயத்து அறையில், ஒரே பல்பு வெளிச்சத்தில் படித்து ஏ.எல். எழுதி வேலைக்குப் போன உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் நம்ப மாட்டேன். அந்தக் காசுக்குத்தான் நட்டத்தைத் தாங்கும் பலம் இல்லை.

அது என்ன காசு என்று யோசியுங்கள். மழையிலும் பனியிலும் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு) போய், கொழுந்து எடுத்து, நிறை குறைந்த நாளில் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதையும் பொறுத்துக்கொண்டு, சம்பளத்தில் 8 வீதம் அவரிடம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டு, வேலையை விட்ட பிறகு ஒரே ஒரு தடவை கைக்கு வந்த காசு. அதில் வாங்கிய பங்கு 10 வீதம் இறங்கினால், விதிப்படி நீங்கள் விற்க வேண்டும். விற்ற அந்த நிமிடமே அது உண்மையான நட்டம் ஆகிவிடும். அம்மாவிடம் என்றைக்காவது சொல்ல வேண்டிய ஒரு தொகை ஆகிவிடும். விற்காத வரைக்கும் "இன்னும் போகவில்லை, ஏறும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் கை போகவில்லை.

நீங்கள் சொன்ன மற்ற இரண்டும் இதே வேரிலிருந்து வருபவைதான். இரண்டு ரூபா இலாபத்தில் விற்பது, பயந்து போயிருக்கும் மனதுக்கு ஏதாவது ஒரு நல்ல செய்தி அவசரமாகத் தேவைப்படுவதால். நட்டப்பட்ட அன்றே இரண்டு மடங்கு வாங்குவது, யாரும் பார்க்கும் முன்னால் ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்பதால். மறைத்து வைத்த காசில் வர்த்தகம் செய்கிறவர் எல்லா முடிவையும் பயத்தில்தான் எடுப்பார். எத்தனை விதி எழுதினாலும் பயம்தான் முன்னால் போகும்.

மனித மனம் பொதுவாகவே இந்தப் பக்கம் சாயும் என்பதும் உண்மை. ஒரு தொகையை இழக்கும் வலி, அதே தொகை கிடைக்கும் மகிழ்ச்சியை விடப் பெரியது என்று டானியல் கானமனும் அமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். ஏறிய பங்கைச் சீக்கிரம் விற்று, இறங்கிய பங்கைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கத்தைப் பற்றி ஷெஃப்ரினும் ஸ்டட்மனும் 1985இல் எழுதினார்கள். டெரன்ஸ் ஓடீன் என்பவர் அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்து 1998இல் முடிவை வெளியிட்டார். இலாபத்தில் இருந்த பங்குகளை விற்கும் வேகம், நட்டத்தில் இருந்தவற்றை விற்கும் வேகத்தை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இன்னும் முக்கியமானது இது: அவர்கள் அவசரப்பட்டு விற்ற பங்குகள், பிடித்து வைத்திருந்த பங்குகளை விட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 வீதப் புள்ளி கூடுதலாகத் தந்தன. ஓடுகிற குதிரையை விற்று நொண்டியைத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஆனால் சாதாரண ஆளுக்கு வரும் காய்ச்சல், அம்மாவின் காசு என்ற காரணத்தால் உங்களுக்கு விஷக் காய்ச்சல் ஆகியிருக்கிறது.

அடுத்து, கசப்பான ஒரு கணக்கு. 2023 கடைசியில், கொழும்புச் சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 10,600 அளவில் இருந்தது. 2025இல் அது 20,000ஐத் தாண்டியது. நீங்கள் வர்த்தகம் செய்த காலம் முழுக்க இந்த ஏற்றத்துக்குள்தான் இருக்கிறது. சும்மா நாலைந்து நல்ல கம்பனிகளை வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவர்கள் கூடச் சம்பாதித்த காலம் இது. சந்தை கைவிட்டது, நேரம் சரியில்லை என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் காசு எங்கே போனது? ஒரு பகுதி நட்டத்தில். இன்னொரு பகுதி, நீங்கள் கவனிக்கவே இல்லாத இடத்தில். கொழும்பில் ஒரு சாதாரண கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தக் கட்டணம் 1.12 வீதம். தரகருக்கு 0.64, அரசாங்கத்தின் பங்குப் பரிமாற்ற வரி 0.30, மிச்சம் பங்குச் சந்தைக்கும், பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் மத்திய வைப்பகத்துக்கும், சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கும். வாங்கும்போது ஒரு தரம், விற்கும்போது ஒரு தரம், ஆக 2.24 வீதம். ஒரு இலட்சம் ரூபாவை வாரம் ஒரு முறை போட்டு எடுத்தால் கட்டணம் மட்டும் 2,240 ரூபா. ஐம்பது வாரத்துக்கு 112,000 ரூபா. போட்ட முதலை விடக் கூட! விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றாலும் உங்கள் முதல் முழுவதும் கட்டணத்திலேயே கரைந்துவிடும். 60 ரூபாவுக்கு வாங்கிய பங்கை 62க்கு விற்றுச் சந்தோஷப்படுகிறீர்களே, அந்த இரண்டு ரூபாவில் கிட்டத்தட்ட ஒரு ரூபா முப்பத்தேழு சதம் கட்டணத்துக்குப் போகிறது. வாங்கியதற்கும் விற்றதற்கும் தரகர் அனுப்பும் போட் நோட், சோல்ட் நோட் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தரம் கூட்டிப் பாருங்கள். நான் கண்ட இளைஞர்களில் அநேகமானோர் அந்தத் தாள்களைத் திறந்தே பார்த்ததில்லை.

ஓடீனும் பிரட் பார்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 66,000க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை வருடத்துக்கு 17.9 வீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 வீதம். அடிக்கடி கை வைப்பதே நட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம் மலையகத்துக்கே உரிய ஒன்று. நீங்கள் வைத்திருக்கும் பங்குகளில் இரண்டு பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகள். "நமக்குத் தெரிந்த தொழில், நம்ம தோட்டம்" என்று வாங்கினேன் என்கிறீர்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. நம் ஆட்களில் அநேகர் முதலில் வாங்குவது இதைத்தான். ஆனால் மலையில் நின்று பார்ப்பது வேறு, பங்கின் விலை வேறு. 2022ஐ நினைத்துப் பாருங்கள். இரசாயன உரத் தடையின் பாதிப்பு, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, தேயிலை உற்பத்தி 250 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. அதற்கு முந்திய வருடம் கிட்டத்தட்ட 300 மில்லியன். தோட்டத்தில் நின்று பார்த்தவர் எவரும் "இந்தக் கம்பனிகள் தொலைந்தன" என்றுதான் சொல்லியிருப்பார். நடந்தது வேறு. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதால் ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை எகிறியது, பல பெருந்தோட்டக் கம்பனிகள் என்றும் இல்லாத இலாபம் காட்டின. அந்த வருடம் லயங்களில் மாவுக்கும் அரிசிக்கும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஒரே தோட்டத்தின் வருமானமும் வறுமையும் இப்படி எதிரெதிராகப் போகலாம். ஆகவே கொழுந்து தெரியும் என்பதால் பங்கு தெரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியமாக, "நம்ம தோட்டம்" என்று பாசம் வைத்த பங்கை நட்டத்தில் விற்க மனம் வராது. ஏற்கனவே விற்க முடியாமல் தவிப்பவர் நீங்கள்.

யூடியூப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கொப்பியில் எழுதி வைத்த விதிகளில் பாதி, சென்னையிலிருந்து நிஃப்டி (இந்தியப் பங்குச் சுட்டெண்) ஒப்ஷன், அதாவது குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம், பற்றிப் பேசுகிறவர்கள் சொன்னவை. கொழும்பில் அந்தச் சந்தையே இல்லை. 300க்கும் குறைவான கம்பனிகள், பலவற்றில் ஒரு நாளைக்கு ஒரு சில பங்குகள்தான் கைமாறும். இந்தியாவில் கூட, எதிர்கால ஒப்பந்தங்களிலும் ஒப்ஷன்களிலும் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டப்பட்டார்கள் என்று இந்திய ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் அறிவித்தது. வட்ஸ்அப் குழுக்களில் வரும் "நாளைக்கு இந்தப் பங்கு பறக்கும்" என்ற செய்திகளை இன்றே விட்டு வெளியேறுங்கள். 2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800 வரை ஏறி, 2012 நடுவில் 5,000க்குக் கீழே விழுந்தபோது, இப்படிப்பட்ட தகவலை நம்பிச் சின்னக் கம்பனிப் பங்குகளை வாங்கியவர்கள்தான் வெளியே வர வழி தெரியாமல் நின்றார்கள். கடன் வாங்கி வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2022 ஏப்ரலில் புதுவருடத்துக்குப் பிறகு சந்தையை ஒரு வாரம் மூடி, 25ஆம் திகதி திறந்த அன்றே வர்த்தகத்தை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. கடனில் இருந்தவர்களுக்கு விற்பதா வேண்டாமா என்ற முடிவு கூட அவர்கள் கையில் இருக்கவில்லை.

சரி, கட்டுப்பாடு உள்ள ஒருவர் எப்படி இருப்பார்? எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்தே ஆயுளைக் கழித்தவர். கண்டிக்கு வரும்போது கையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும், பழைய கலண்டர்த் தாளால் உறை போட்டது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பக்கம். மேலே கம்பனியின் பெயர். அதன் கீழே நான்கு வரி: ஏன் வாங்குகிறேன், எத்தனை, எந்த விலைக்கு இறங்கினால் விற்பேன், எந்தத் திகதிக்குள் நான் நினைத்தது நடக்காவிட்டால் விற்பேன். அதற்குக் கீழே, பச்சைப் பேனையில் அவர் மனைவியின் கையெழுத்து. அந்த அம்மாவுக்குப் பங்கு பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் "இவ்வளவு காசு போகலாம்" என்ற தொகை அந்த வரியில் இருக்கும், அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். நட்டத்தில் விற்றால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு, தொகை, திகதி. மனைவி அதையும் பார்ப்பார். சண்டை இல்லை, ஏனென்றால் ஏற்கனவே சம்மதித்த தொகை.

அவர் ஒரு நாள் கூடச் சந்தை நடக்கும் நேரத்தில் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. 9.30க்குத் திறந்து 2.30க்கு மூடும். மூடிய பிறகு, பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டு விலைகளைப் பார்ப்பார், அடுத்த நாள் காலையில் போட வேண்டிய கட்டளையைக் கொப்பியில் எழுதுவார். காலையில் அதை மட்டும் சொல்வார். போனை வைத்துவிடுவார். அவர் எங்களில் யாரையும் விடப் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன். உணர்ச்சிவசப்படக் கூடிய ஐந்து மணி நேரத்தையும் அவர் தன் கையிலிருந்து எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

நான் உங்களிடம் கேட்பதும் இதுதான். மன உறுதியை வளர்க்கப் பார்க்க வேண்டாம். மன உறுதி தேவைப்படாத ஏற்பாட்டைச் செய்யுங்கள். சீட்டுக் கட்டத் தவறாதது ஏன்? இன்னொருத்தர் அந்தக் காசுக்குக் காத்திருக்கிறார், தெரியவரும் என்பதால். பங்குக் கணக்கு யாருக்கும் தெரியாது, அதனால்தான் அங்கே இஷ்டப்படி நடக்க முடிகிறது. ஆகவே ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

அந்த ஒருவர் முதலில் அம்மாதான். இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வரும், அழலாம், வரட்டும். நாலு இலட்சமும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் நிலையில் இன்று சொல்கிறீர்கள். இன்னும் ஒரு வருடம் கழித்துச் சொல்ல வேண்டி வந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று உங்களாலேயே சொல்ல முடியாது. பிறகு எல்லாவற்றையும் விற்று, 400,000ஐ அம்மாவின் பெயரில் நிலையான வைப்பில் போடுங்கள். அவர் இருக்கிறது என்று நம்பும் இடத்தில் அது உண்மையாகவே இருக்கட்டும்.

உங்களுக்கு மிஞ்சுவது 10,000 ரூபா. ஆமாம், அவ்வளவுதான். உங்கள் சொந்தச் சேமிப்பு இரண்டு இலட்சத்தில் 190,000 போய்விட்டது, அதை இன்று ஏற்றுக்கொள்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான காரியம். "கொஞ்சம் பொறுத்தால் வாங்கிய விலைக்காவது வரும்" என்று மனம் சொல்லும். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று என் கையில் காசாக இருந்தால், இந்த விலைக்கு இந்தப் பங்கை வாங்குவேனா? உங்கள் நான்கு பங்குகளில் எதற்கும் "ஆம்" வராது என்று நினைக்கிறேன்.

விட்டுவிடவா என்று கேட்டீர்கள். வேண்டாம், அந்த 10,000 ரூபாவோடும், சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்க முடிந்த தொகையோடும் தொடருங்கள். போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற காசு மட்டும். ஒரு இலட்சம் சேரும்போது, ஒரு கம்பனியின் பங்குகளில் இழக்கக்கூடிய மொத்தத் தொகையை 1 வீதம், அதாவது 1,000 ரூபா என்று வையுங்கள். 60 ரூபாவுக்கு வாங்கி 54இல் விற்பது திட்டம் என்றால், ஒரு பங்குக்கு நட்டம் 6 ரூபா, இரண்டு பக்கக் கட்டணமும் சேர்த்தால் சுமார் 7 ரூபா 28 சதம். ஆக 137 பங்குதான் வாங்கலாம், அதற்கு மேல் ஒன்று கூட இல்லை. 8,220 ரூபா முதலீடு. சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். சின்னதாக இருப்பதால்தான் 54 வந்ததும் கை நடுங்காமல் விற்கும். நட்டத்தில் விற்ற பிறகு ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். அந்த ஒரு விதி உங்கள் "இரண்டு மடங்கு" பழக்கத்தைத் தனியே நிறுத்திவிடும்.

ஒரு வருடம் இப்படிச் செய்துவிட்டு, உங்கள் கணக்கையும் சுட்டெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட்டெண்ணை விடப் பின்னால் இருந்தால், காசை ஒரு நல்ல யூனிட் ட்ரஸ்டுக்கு (பலரின் காசைச் சேர்த்து நிபுணர்கள் முதலிடும் நிதிக்கு) மாற்றிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தொழிலாகவே இதைச் செய்கிறவர்களில் பலர் சுட்டெண்ணைத் தாண்டுவதில்லை.

விற்பதைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. மிக அதிகமாக நட்டத்தில் இருப்பதை முதலில் விற்றுவிடுங்கள், கை தயங்குவது அதில்தான். உங்கள் பட்டியலில் கடைசியாக இருக்கும் அந்தச் சின்னக் கம்பனிப் பங்குக்கு வாங்குகிறவர்கள் குறைவு. மொத்தத்தையும் ஒரே தடவையில் சந்தை விலைக்குத் தள்ளினால் விலையை நீங்களே விழுத்திவிடுவீர்கள். எந்த விலைக்குக் குறைந்து விற்கக்கூடாது என்று விலை குறித்துக் கட்டளை போடுங்கள், மூன்று நான்கு நாளில் பகுதி பகுதியாக விற்றுத் தீருங்கள். தரகரிடம் வாயால் சொன்னாலும் ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள். காசு வந்த அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போங்கள்.